அன்னை மீனாம்பாள் சிவராஜ் காட்டிய வழி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் பயன் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கற்ற கல்வியைச் சமுதாயத்திற்கே திருப்பித் தந்த ஒரு தாயை நினைவுகூர்வதே அதற்கு விடையாகும் என்று கருதுகிறேன். அவர் அன்னை மீனாம்பாள் சிவராஜ்.

1904-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இரங்கூனில் பிறந்தவர் அவர். தந்தையார் வாசுதேவப் பிள்ளை சென்னை மாநகராட்சி உறுப்பினராக விளங்கியவர். 1918-இல் அன்னையார் மணந்த ந. சிவராஜ் அவர்களோ 1945-இல் அதே மாநகரின் மேயரானவர். தந்தையின் பெயரும் கணவரின் பெயரும் நிழல் தரும் மரங்களாக நின்றன. எனினும் அன்னையார் நிழலிலேயே தங்கிவிடவில்லை.

1928-இல் சைமன் குழு வந்தபோது நாட்டில் எதிர்ப்பு ஓங்கியிருந்தது. ஆயினும், தாழ்த்தப்பட்டோர் தம் குறைகளை அக்குழுவின் முன் எடுத்துரைக்க வேண்டுமென்று கருதி, அதனை ஆதரித்து மேடையேறினார். அதுவே அவருடைய முதல் மேடைப்பேச்சு. ஊரெல்லாம் ஒன்று சொல்ல, தம் மக்களின் நலன் கருதி வேறொன்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. 1938-இல் ஈ.வெ.ரா. அவர்களுக்குப் 'பெரியார்' என்னும் பட்டம் வழங்கிய சென்னைப் பெண்கள் மாநாட்டிலும் அவர் பங்கு கொண்டார். 1944 செப்டம்பரில் அண்ணல் அம்பேத்கர் கலந்துகொண்ட ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளன மகளிர் மாநாட்டிற்குத் தலைமை வகித்தார்.

இவ்வளவு பெரிய மேடைகளைக் கண்டவர் மாநகராட்சி உறுப்பினராகவும் கௌரவ நீதிபதியாகவும் உழைத்தார். இளைஞர்களே, இதனைச் சிறு பதவி என்று எண்ணாதீர்கள். ஏழைக் குழந்தைகளுக்கு 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவளித்தது சென்னை மாநகராட்சியே. குடிநீர்க் குழாய் எத்தெருவில் நிற்கும், விளக்கு எம்முனையில் எரியும் என்பதை முடிவு செய்யுமிடம் உள்ளாட்சி மன்றமே.

1992 நவம்பர் 30-இல் அன்னையார் மறைந்தார். அடுத்த சில வாரங்களிலேயே நாடாளுமன்றம் 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றி, ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமளித்தது. தமிழகம் 2016-இல் அதனைப் பாதியாக உயர்த்தியது. 2022-இல் சென்னையின் மேயர் நாற்காலியில் முதன்முதலாக நம் இனத்துப் பெண் ஒருவர் அமர்ந்தார். ஆனால் 2020-இல் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், தலைவரான நம் சகோதரி தரையில் அமர்த்தப்பட்டார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

பிறரை மட்டும் குறை கூறி முடிப்பது முறையன்று. என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். என் பழைய மாணவி ஒருவர் வார்டு உறுப்பினரானார். மனு எழுதித் தருமாறு அவருடைய கணவர் வருவார். நானும் எழுதித் தருவேன். மூன்றாம் முறை எழுதும்போதுதான், உறுப்பினரை ஒருமுறையேனும் கேட்டோமா என்று என் நெஞ்சு என்னைச் சுட்டது. அம்மாணவியை அழைத்துக் கேட்டேன். "ஐயா, அவர் தெருவிளக்கு கேட்டு எழுதச் சொல்கிறார். எங்களுக்கு முதலில் தண்ணீர் வேண்டும். குழாய் காலனியின் முனையோடு நின்றுவிட்டது. குடத்தைச் சுமப்பவர்கள் நாங்கள்தானே?" என்றார். பேனாவை அவரிடமே கொடுத்தேன். எழுத்துப்பிழைகள் இரண்டு இருந்தன; கருத்துப்பிழை ஒன்றுமில்லை.

ஆதலின் என் வேண்டுகோள் இரண்டு. கிராமசபைக்கு நம் பெண்கள் படித்த கையோடு செல்லட்டும். வரவுசெலவுக் கணக்கைக் கேட்டுப் படிக்கட்டும். ஆடவர்களே, அவர்களுக்குரிய நாற்காலியில் நீங்கள் அமராதீர்கள்; வேறெவரும் அமராதவாறு துணை நில்லுங்கள்.

அன்னையாரின் படத்திற்கு மாலையிடுவது எளிது. அவர் விட்டுச்சென்ற வேலையை நம் வீட்டுப் பெண்கள் எடுத்துச் செய்ய வழிவிடுவதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான வணக்கமாகும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க அதன் தொண்டு!