ஜில்லா என்னும் சொல்லும் ஜப்தி என்னும் செயலும்

(நெல்லைப் பொதுக்கூட்ட உரையின் ஒரு பகுதி)



நெல்லை மாவட்டம் என்று நாள்தோறும் நாவினிக்கச் சொல்கிறோம். அதற்கு ஆங்கிலேயன் இட்ட பெயர் 'டிஸ்டிரிக்ட்'. அச்சொல்லின் பிறப்பு யாது?

இலத்தீன் மொழியில் 'ஸ்டிரிங்கெரெ' என்றால் இறுக்கிக் கட்டுதல். அதன் வழிவந்ததே 'டிஸ்டிரிக்டுஸ்'. இடைக்கால ஐரோப்பாவில், ஆணைக்கு அடங்காதவனை வளைத்துப் பிடிக்கவும் அவன் உடைமையைப் பறிக்கவும் ஒரு பிரபுவுக்கு உரிமையுள்ள நிலப்பரப்பு என்று அதற்குப் பொருள். ஒளிவுமறைவின்றிச் சொன்னால், ஜப்தி செல்லும் எல்லை! துயரத்தைக் குறிக்கும் 'டிஸ்டிரஸ்' என்ற சொல்லும் அதே தாய் வயிற்றுப் பிள்ளைதான்.

பெயருக்கேற்பவே அது இங்கு வந்து சேர்ந்தது. கும்பினிக்குக் கிஸ்தி கட்ட மறுத்த பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801இல் கர்நாடகத்தின் ஆட்சியே நவாபின் கையிலிருந்து கும்பினியின் கைக்கு மாறியது. ஜில்லாவின் தலைவனுக்கு என்ன பெயர் இட்டார்கள்? காப்பவன் என்றா? இல்லை, கலெக்டர், அதாவது தண்டல்காரன்! 'ஜில்லா'வும் நம் சொல்லன்று. விலா எலும்பு, பக்கம் என்று பொருள்படும் அரபுச் சொல்.

பாண்டியர் கல்வெட்டுகளில் திருநெல்வேலி கீழ்வேம்ப நாட்டில் இருக்கிறது; அம்பாசமுத்திரம் முள்ளி நாட்டில் இருக்கிறது. கேட்கும்போதே மண் மணக்கிறதல்லவா? அதற்காக அது பொற்காலம் என்று கூற வரவில்லை. அன்றும் வரி உண்டு. மானூர்ச் சபையின் விதியோ, நிலப்பங்கும் மறைக்கல்வியும் உடையவர்க்கே வாய் திறக்க இடம் தந்தது. உழுதவன் வெளியேதான் நின்றான்.

இன்று நம் சொல் 'மாவட்டம்'. பெருவட்டம் என்னும் நல்ல தமிழ். ஆனால் வட்டத்தின் கோடு எங்கே விழுகிறது? 1986இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019இல் தென்காசி பிரிந்தது. தாமிரவருணிக்கு இது தெரியுமா? அதன் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இரண்டான மருதூரும் திருவைகுண்டமும் தூத்துக்குடிப் பக்கம். கிளையாறுகளான கடனாநதியும் இராமநதியும் தென்காசிப் பக்கம். பாபநாசம் அணையோ நெல்லையில். தேக்கம் ஓரிடம், வயல் வேறிடம். கருகும் பயிருக்கு எல்லைக்கல் தெரியாது.

எனவே தோழர்களே, பாபநாசத்து மதகு திறக்கும் நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மூன்று மாவட்ட உழவரும் ஒரே மன்றத்தில் அமரவேண்டும் என்று கேட்போம். திருவைகுண்டத்துக் கடைமடைக்காரருக்கு அங்கே முதல் நாற்காலி கேட்போம்.