கோடைக் கூட்டமும் கோசுமல்லியும்
(மகளிர் பிரிவில் ஆற்றிய உரை)



தில்லியில் இராமநவமி வரும்பொழுதே வெயிலும் வந்துவிடுகிறது. அன்று கூடுவோர்க்குப் பானகமும் நீர்மோரும் கோசுமல்லியும் வழங்குவது நம் வழக்கம். முன்னிரண்டில் குறை நேர்ந்ததில்லை. கோசுமல்லியில்தான் ஓராண்டு நாம் தலைகுனிந்தோம். விடியற்காலையிலேயே உப்பும் எலுமிச்சஞ்சாறும் கலந்து தூக்குவாளியில் எடுத்துச் சென்றோம். பூசை முடிந்து மூடியைத் திறந்தால், பருப்பு நீரில் மிதந்தது! கோசுமல்லியா, குழம்பா என்று குழந்தைகள் கேட்டனர்.

உப்புப் பட்டவுடன் வெள்ளரி தன் நீரை வெளியே விட்டுவிடும். இலை போட்ட பின்னரே நம் பாட்டிமார் உப்பைத் தொட்டது இதனாலன்றோ! 10 பேருக்கு 200 கிராம் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, துளி நீரும் தங்காமல் வடித்துவிடுங்கள். அரைக் கிலோ வெள்ளரியைப் பொடியாக நறுக்கித் தனியே வையுங்கள். கடுகு, பச்சைமிளகாய், பெருங்காயம் தாளித்துப் பருப்பில் கொட்டலாம். தேங்காய்த் துருவல் வெயிலில் விரைவில் கெடும்; அதுவும் தனியே இருக்கட்டும். புளிப்பு மாங்காய் கிடைத்தால் எலுமிச்சை வேண்டா.

இங்குள்ள சந்தையில் நீண்டு வளைந்து, வரியோடிய 'ககடி' விற்கிறார்களே, அதனை வெள்ளரி என்றே வாங்குகிறோம். உண்மையில் அது முலாம்பழத்தின் இனம். பிஞ்சாயின் தோல் சீவ வேண்டியதில்லை, விதையும் உறுத்தாது. ஊர் வெள்ளரியைவிட இதுவே கோசுமல்லிக்கு ஏற்றது என்போம், மாமியார்கள் மன்னிக்க!

இவ்வாண்டு பருப்பு, காய், தேங்காய் மூன்றையும் பனிக்கட்டிமேல் வைத்துத் தனித்தனியே கொண்டு சென்று, பந்தியில் கலந்து பரிமாறினோம். அண்டை வீட்டு வடநாட்டு அன்பர்கள் தங்கள் 'கச்சூம்பர்' என்றெண்ணி வாங்கினர். பருப்பைக் கண்டு வியந்து, மறுமுறையும் கேட்டனர்.