நீர்க்கட்டி என்னும் பெயரும் அதன் மெய்ப்பொருளும்

(பச்சைமலையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் மருத்துவனல்லேன்; பிள்ளைகட்குத் தமிழ் போதிக்கும் ஆசிரியன். ஆயினும் ஒரு சொல்லுக்குத் தவறான பொருள் கொண்டமையால் ஒரு பெண்ணின் வாழ்வு குலைந்ததைக் கண்ணாரக் கண்டேனாதலின், இவ்விஷயம் பற்றிப் பேசத் துணிந்தேன். என்னிடம் பயின்ற பெண்ணொருத்திக்கு நிச்சயதாம்பூலம் மாற்றியான பின்னர், "அவளுக்கு வயிற்றிலே கட்டி, பிள்ளை பிறவாது" என்று யாரோ சொல்ல, பிள்ளை வீட்டார் அச்சம்பந்தத்தை முறித்துவிட்டனர். இரு வீட்டாரும் நம்மவரே. அதனாலேயே இதனை இம்மேடையில் சொல்லுகிறேன்.

அச்சொல் 'சினைப்பை நீர்க்கட்டி' என்பதாம். கட்டியென்றால் அறுத்தெறியவேண்டிய தொன்றென்றே நாம் எண்ணுகிறோம். இஃது அத்தன்மைத்தன்று. மாதந்தோறும் சினைப்பையில் சிறு முட்டைப்பைகள் பல வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று முதிர்ந்து முட்டையை வெளிவிடுதல் இயற்கை. இந்நிலையுடையார்க்கு அவை பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகின்றன. ஸ்கேன் படத்தில் மணிமணியாகத் தோன்றுவன அவையே. 1935-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து ஸ்டீன், லெவந்தால் என்னும் வைத்தியர் இருவர் ஏழு பெண்களிடத்து இதனைக் கண்டெழுதினர். கண்ணுக்குப் புலப்பட்டது சினைப்பையாதலின் பெயரும் அதன்மேல் நின்றது. 2012-இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய அறிஞர் குழு, இப்பெயர் மயக்கந் தருவதாகலின் மாற்றத்தக்கது என்று பரிந்துரைத்தது.

அங்ஙனமாயின் நோயின் வேர் யாண்டுளது? ஓர் உவமையால் விளக்குவேன். மடை தூர்ந்து ஒரு கழனிக்கு நீர் ஏறாதபோது, ஏரி மதகை மேலும் திறக்கிறோம். அக்கழனி சிறிது நனையும். அண்டைக் கழனியிலோ பயிர் மூழ்கிப்போம். அதுபோலவே, தசையும் கல்லீரலும் இன்சுலினுக்கு முன்போல் இணங்காதபோது கணையம் அதனை மிகுதியாகச் சுரக்கிறது. அம்மிகை சினைப்பையைத் தூண்டி, ஆண்தன்மைச் சுரப்பைப் பெருக்குகிறது. மாதவிலக்குத் தவறுதலும், முகத்தில் மயிர் அரும்புதலும், பருக்கள் மலிதலும் அதன் விளைவுகளே. சிலர்க்குப் பிடரி கறுத்துத் தடிக்கும். தாய்மார் அதனை அழுக்கென்று தேய்த்துத் தேய்த்து வருந்துவர். அஃது அழுக்கன்று, பெரும்பாலும் இன்சுலின் மிகையின் அடையாளம்.

இரத்தத்திலும் அடையாளங்கள் உள. சர்க்கரை ஏறலாம், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகலாம், நற்கொழுப்புக் குறையலாம். இவையேயன்றி, அழற்சியைக் காட்டும் 'சி-ரியாக்டிவ்' புரதமும் இப்பெண்களிடத்துச் சராசரியாகச் சிறிது உயர்ந்தே நிற்கிறது. கடுங்காய்ச்சலில் அது பன்மடங்கு ஏறும். இங்கோ நீறுபூத்த நெருப்புப்போல் அடங்கியிருக்கிறது. இப்புரதத்தைக் கொண்டு நோயை நிர்ணயித்தலாகாது. எனினும் இவையனைத்தும் உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு: இது கருப்பம் பற்றிய குறை மட்டுமன்று, பிற்காலத்தில் நீரிழிவுக்கு வழிகோலும் உடல்முழுதின் நிலையாம். பருத்தவர்க்கே வருமென்பதுமில்லை; மெலிந்தார்க்கும் உண்டு.

2024-இல் வெளியான அகில இந்திய ஆய்வொன்றின்படி, கொள்ளும் இலக்கணத்திற்கேற்ப, நூறு பெண்களில் ஏறத்தாழ 7 முதல் 20 பேர் வரை இந்நிலையுடையர். ஆதலின், இஃது இல்லாத குடும்பம் நம்முள் எது? இவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு யாரிடம் சம்பந்தம் செய்யப் போகிறோம்?

இனிச் செய்யத்தக்கது யாது? நம் பாட்டன்மார் சாமையும் தினையும் உண்டு இம்மலையின் ஏற்ற இறக்கங்களில் நாடோறும் நடந்தனர். இன்று மரவள்ளி விற்ற காசில் மோட்டார் சைக்கிள் வாங்கினோம், நடையை மறந்தோம். சாமையே மருந்தென்று சொல்லேன். ஆனால் நடையும், உழைப்பும், அளவறிந்த உணவும் உடலை இன்சுலினுக்கு இணங்கச் செய்யும். மூன்று மாதம் விலக்கு வாராவிடின் வாளாவிருத்தலாகாது. கருப்பையின் உட்படலம் தடித்துப் பிற்காலத்தில் தீங்கு விளையக்கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, துறையூர், திருச்சி அரசு மருத்துவமனைகளையோ நாடுக. ஸ்கேனோடு நில்லாது சர்க்கரையும், கொழுப்பும், இரத்த அழுத்தமும் சோதிக்கக் கேளுங்கள். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்பது வீண்மொழி. "பிள்ளையே பிறவாது" என்பதும் பொய்மொழி. முட்டை முதிரச் செய்யும் மாத்திரைகள் உள; தாயானார் பலர்.

முடிவாக, நம் சங்கத்தாரை ஒன்று வேண்டுகிறேன். பெண் பார்க்கச் செல்லும் பெரியோர் இந்நிலையைக் குற்றமாக எண்ணாதிருக்கத் தீர்மானம் செய்யுங்கள். முறிந்த அச்சம்பந்தத்தை மீட்க என்னால் இயலவில்லை. அடுத்த வீட்டுச் சம்பந்தத்தையேனும் நாம் காப்போமாக!