காடும் கருவூலமும்



கூட்டரசின் வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படும் நாளில் நாம் எவற்றுக்குச் செவி சாய்க்கிறோம்? உதவித்தொகை கூடியதா, பெட்ரோல் விலை ஏறுமா, தமிழ்ப்பள்ளிகளுக்கு எவ்வளவு கிடைத்தது என்பவற்றுக்கே. இதில் பிழையில்லை, வீட்டுக்கணக்கைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் அதே உரையை நம்மைவிடக் கவலையோடு கேட்பவர்கள் மாநில அரசாங்கத்தார். அவர்களுக்குக் கிடைப்பது குறைந்தால், அதன் விளைவு சில ஆண்டுகள் கழித்து நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்வரை வந்து சேரக்கூடும். எப்படி என்று சொல்கிறேன்.

மலேசியாவில் வரி விதிக்கும் அதிகாரம் பெரும்பாலும் கூட்டரசிடமே உள்ளது. வருமான வரி, சுங்க வரி, விற்பனை சேவை வரி ஆகிய பெருவருவாய்கள் யாவும் அங்கேயே சேர்கின்றன. மாநிலங்களுக்கு எஞ்சுபவை எவை? அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையைப் புரட்டினால் நிலம், காடு, கனிமம் ஆகியவற்றிலிருந்து வரும் வருவாயே முதன்மையாகத் தெரியும். இவற்றோடு, மக்கள்தொகைக்கு ஏற்ற மானியமும் சாலை மானியமும் கூட்டரசிடமிருந்து வருகின்றன. தொழிற்சாலைகளும் வானளாவிய கட்டடங்களும் நிறைந்த மாநிலத்திற்கு நிலமே பொன்னாக விளையும். வயலும் மலையுமாக உள்ள மாநிலத்திற்கு அந்த வாய்ப்பில்லை. அதன் கைக்கெட்டும் செல்வம் மரம்தான்.

கெடாவை எடுத்துக்கொள்வோம். சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிப்பது இந்நிலத்தையே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அம்மாநிலத்தின் கிழக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டி, உலு மூடா என்னும் பெருங்காடு பரந்து கிடக்கிறது. மூடா, பெடு, ஆனிங் ஆகிய அணைகளுக்கு நீர் தருவது அந்தக் காடே. 1970ஆம் ஆண்டில் நிறைவுற்ற மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் கெடா, பெர்லிஸ் சமவெளியில் இருபோகம் நெல் விளைகிறது; நம் நாட்டின் மிகப் பெரிய நெல்வயல் பரப்பு அதுதான். பினாங்கு மக்கள் பருகும் நீரிலும் மிகப் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுவதே.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. காட்டை நிற்கவிட்டால் பயனடைவோர் பினாங்குத் தொழிலாளரும் பெர்லிஸ் உழவரும் நாடு முழுவதும் சோறுண்ணும் மக்களும் ஆவர். வெட்டாமல் விட்டதால் வரும் இழப்போ கெடாவின் கருவூலத்துக்கு மட்டுமே. மரம் வெட்ட உரிமம் கொடுத்தால் இவ்வாண்டே பணம் வரும். கொடுக்காவிட்டால் ஊழியர் சம்பளத்துக்கும் உட்புறச் சாலைக்கும் வேறு வழி தேட வேண்டும். மூடா ஆற்று நீருக்குப் பினாங்கு கட்டணம் செலுத்த வேண்டும் என்று கெடா பலமுறை கேட்டது, பினாங்கு மறுத்தது. இரு மாநிலங்களையும் கட்சி வேறுபாடு பிரிக்கிறது என்று இதனை எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அவ்வாறு கருதவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் பத்தாவது அட்டவணை அதே அட்டவணைதான்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் முதல் முயற்சி 2019ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. காடுகளையும் பிற இயற்கைக் காப்பகங்களையும் பேணும் மாநிலங்களுக்கென 60 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. சூழலியல் நிதிப் பகிர்வு என்று இதனைச் சொல்லலாம். 2025ஆம் ஆண்டுக்கான திட்டத்தில் அத்தொகை 250 மில்லியனாக உயர்ந்தது. ஆறு ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேல்! பாராட்டலாம். ஆயினும் மாணவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அவ்வாண்டின் மொத்த ஒதுக்கீடு 421 பில்லியன் ரிங்கிட். ஆக, கூட்டரசு செலவிடும் ஒவ்வொரு 100 ரிங்கிட்டிலும் காட்டைக் காக்க மாநிலங்களுக்கு இவ்வழியே செல்வது ஏறத்தாழ 6 சென். அதையும் பல மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். உரிமம் கேட்டு வரும் நிறுவனத்தைத் திருப்பி அனுப்ப ஒரு மந்திரி புசாருக்கு இது போதுமான துணிவைத் தருமா என்பது எனக்கு ஐயமே.

தொகையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மற்றொரு குறை. மக்கள்தொகை மானியம் அரசமைப்பில் எழுதப்பட்டது. ஆட்சி மாறினாலும் அது வந்தே தீரும். காட்டுக்கான தொகையோ ஆண்டுதோறும் நிதியமைச்சரின் உரையை நம்பி நிற்கிறது. வெட்டிய காடு மீண்டும் பெருமரங்களாக நிமிரப் பல பத்தாண்டுகள் ஆகும். பல பத்தாண்டுப் பொறுப்பை ஓராண்டு வாக்குறுதியின் பேரில் ஏற்குமாறு ஏழை மாநிலத்திடம் கேட்பது நியாயமா? அத்தொகையைச் சட்டத்தில் நிலைநிறுத்த அரசமைப்பைத் திருத்தவும் தேவையில்லை. குறிப்பிட்ட நோக்கங்களுக்காக மாநிலங்களுக்கு மானியம் வழங்கச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அதன் 109ஆம் விதி நாடாளுமன்றத்திற்கு முன்பே அளித்திருக்கிறது.