தீயரணும் துறைக்காவலும்



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து வெடியாலைகளின் அமைப்பு இங்கு அமர்ந்திருப்போர் பலருக்கும் பழகியது. வேலையறைகள் ஒன்றையொன்று ஒட்டி நில்லா. இடைவெளி விட்டு நிற்கும். இவ்வறையில் இன்ன வேலை, இத்தனை பேர், இத்துணை எடை மருந்து என்று வரையறை உண்டு. மருந்து கலக்கும் அறையில் கலத்தல் ஒன்றே நடைபெற வேண்டும். பெட்டி கட்டுதல் ஆங்கு நிகழலாகாது. கூடாதவற்றையெல்லாம் எண்ணி எழுதப் புகுந்தால் சுவர் போதாது. ஆகவே, கூடுவது மட்டும் வரையறுக்கப் பெறுகிறது. வரையறைக்குள் வராதது யாவும் கூடாதது.

கணினி வலையின் காவலுக்கும் இதுவே முதற் கட்டளை. அக்காவலை ஆங்கிலத்தில் 'பயர்வால்' என்பர். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நெருப்புத் தாவாதபடி எழுப்பிய செங்கற்சுவரின் பெயரே அது. தமிழில் தீச்சுவர் என்பாரும் உளர். தீயரண் என்பது இன்னும் பொருந்தும். அரண் என்னும் சொல்லுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்க, நமக்கு ஏன் கடன்சொல்?

1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், மாரிசு என்னும் அமெரிக்க மாணவர் விட்ட புழு நிரல் ஏறத்தாழ ஆறாயிரம் கணினிகளைத் தாக்கியதாகக் கணக்கிட்டனர். வலையில் சேர்ந்தவர் அனைவரும் நல்லவர் என்னும் நம்பிக்கை அன்றோடு தளர்ந்தது, அரண்கள் பெருகின.

இனி 'போர்ட்டு' என்பதற்கு வருவோம். வாயிலுக்கும் துறைமுகத்துக்கும் ஆங்கிலர் வழங்கிய சொல் அது. நமக்குத் துறை என்னும் சொல் ஆயத்தமாய் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடலினின்று கரைக்கு ஏறிய பண்டத்துக்கும், கரையினின்று கடலுக்கு இறங்கிய பண்டத்துக்கும் சோழர் அலுவலர் புலிப்பொறி இட்டனர் என்பது பட்டினப்பாலை தரும் செய்தி. இருபுறமும் காவல் இருந்தது என்பதை நினைவில் நிறுத்துக, பின்னர்த் தேவைப்படும்.

வலையில் செல்லும் தரவு சிறுசிறு பொதிகளாகவே செல்கிறது. ஒவ்வொரு பொதியின்மேலும் விடுத்தவர் முகவரி, பெறுபவர் முகவரி, செல்லும் நெறிமுறை, புகவேண்டிய துறையின் எண் ஆகியன எழுதப்பட்டிருக்கும். எளிய அரண் பொதியைப் பிரிப்பதில்லை. மேலெழுத்தைப் படித்தே விடும் அல்லது மறிக்கும். துறைகளின் எண் 0 முதல் 65,535 வரை. வலைப்பக்கத்துக்கு 80, மறைகுறியிட்ட வலைப்பக்கத்துக்கு 443, அஞ்சலகங்கள் தமக்குள் மின்னஞ்சல் மாற்றிக்கொள்ள 25, பெயரைச் சொல்லி முகவரி கேட்க 53, தொலைவிலிருந்து கணினித் திரையையே ஆள 3389, கோப்புகளைப் பங்கிட 445. இவ்வளவும் தெரிந்தால் ஓர் அச்சகத்துக்குப் பெரும்பாலும் போதும்.

எண்ணை மட்டும் எழுதினால் கட்டளை முற்றுப்பெறாது. நெறிமுறையையும் எழுத வேண்டும். டி.சி.பி. என்பது ஒப்புகை அட்டையுடன் முன்னர் விடுத்துவந்த பதிவஞ்சல் போன்றது. சேர்ந்ததா என்று கேட்டுக் கேட்டுச் செல்லும். யு.டி.பி. இயல்பான அஞ்சலட்டை, போட்டால் போட்டதுதான். இரண்டுக்கும் துறையெண் வரிசை தனித்தனி. பெயர் கேட்கும் 53-ஆம் துறைக்கு யு.டி.பி.யை மட்டும் திறந்து டி.சி.பி.யை அடைத்துவிடுவார் பலர். சிறிய மறுமொழிகள் வரும். பெரிய மறுமொழி வேண்டிய வேளையில் வேலை தடைப்படும். ஒரு தளம் திறக்கிறது, மற்றொன்று திறக்கவில்லை என்று நாள் முழுதும் கம்பியை ஆட்டிக்கொண்டிருப்பர். ஐ.சி.எம்.பி. என்னும் மூன்றாவது நெறிமுறைக்குத் துறையே கிடையாது. பொதி பெரிதாய்விட்டது, சிறிதாக்கி விடுக என்று வழியிலுள்ள கருவி சொல்லியனுப்புவது இதன் வழியாகத்தான். காவல் என்ற பெயரில் அதை முழுதும் அடைத்தால், இணைப்புக் கிடைத்தும் பெரிய கோப்பு பாதியில் நின்றுபோகும். நாள்காட்டிப் படத்தை நூற்றுக்கணக்கான பேரளவில் அனுப்பும் சிவகாசி அச்சகத்தார்க்கு இவ்விடர் எளிதில் விளங்கும்.

கட்டளைகளை அடுக்கும் வரிசையிலும் கருத்து வேண்டும். பெரும்பாலான அரண்கள் மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்திய கட்டளையோடு நின்றுவிடும். 'எவரும் எங்கும் செல்க' என்ற வரி மூன்றாவதாக இருந்தால், அதன்கீழ் எழுதிய முப்பது தடைகளும் வெறும் மையே. ஆதலின் குறுகிய கட்டளை மேலே, பரந்த கட்டளை கீழே, எல்லாவற்றுக்கும் கடைசியில் 'எஞ்சியவை யாவும் மறிக்க' என்பது. உள்ளிருந்து கேட்டுப் பெறும் மறுமொழிக்கென வெளியிலிருந்து துறை திறந்துவைக்க வேண்டியதில்லை; யார் யாரோடு பேசத் தொடங்கினார் என்பதை இக்கால அரண் நினைவில் வைத்து, அவ்வுரையாடலுக்குரிய பொதியைத் தானே விடும். இது தெரியாமல் பாதித் துறைகளை வெளிநோக்கித் திறந்துவைத்த அலுவலகங்கள் எத்தனையோ!

இப்போது நம் வட்டாரத்துக்கே வருவோம். ஓர் அச்சகம் அல்லது வெடியாலை அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். கணக்கு நிரலில் ஏதோ கோளாறு. நிரல் விற்றவர் வேற்றூரிலிருந்து தொலைபேசியில், "3389-ஐத் திறந்துவிடுங்கள், இங்கிருந்தே சரிசெய்கிறேன்" என்கிறார். திறக்கப்படுகிறது. கோளாறு ஒரு நாழிகையில் தீர்கிறது. துறையை மூட எவர்க்கும் நினைவில்லை. அவர் ஒருவர்க்கெனத் திறந்த துறை உலகனைத்துக்கும் திறந்து கிடக்கிறது. இரவும் பகலும் துறை துறையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் உலகில் ஓயாமல் இயங்குகின்றன. ஒருநாள் காலையில் கூலிக்கணக்கு, வாங்குநர் பட்டியல், அச்சுக்கோப்பு யாவும் பூட்டப்பட்டிருக்கும். திறவுகோலுக்கு விலை கேட்டு ஓர் அறிக்கை திரையில் நிற்கும்.

இது மிகையன்று. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் 'வன்னாக்கிரை' என்னும் பணப்பறிப்புப் புழு 445-ஆம் துறை வழியே கணினிக்குக் கணினி தாவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்டு அவ்வாண்டு மார்ச்சு 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. கோப்புப் பங்கிடும் துறை ஒரே அலுவலகத்துக்குள் பயன்படுவது. அதை வெளியுலகுக்குத் திறந்துவைக்க எந்தக் கரணியமும் இல்லை.

சுவருக்குள் சுவர் வேண்டும் என்பதற்கு நம் தென்கோடியிலேயே சான்றுண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் புகுந்த செய்தியை இந்திய அணுமின் கழகம் 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் ஒப்புக்கொண்டது. செய்தி அக்கழகத்துக்கு எட்டியது செப்தம்பர் 4-ஆம் நாள். தாக்குண்டது அலுவலகப் பணிக்கென இணையத்தோடு தொடுத்த வலையிலிருந்த ஒரு கணினி என்றும், உலையை இயக்கும் வலை அதனின்று பிரிக்கப்பட்டது என்றும் கழகம் கூறியது. வரவேற்பறைக் கணினியும் கணக்கறைக் கணினியும் ஒரே வலையில் தோளோடு தோள் உரசி நிற்கும் நம் நிறுவனங்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது இது. வெடியாலையில் மருந்தறைக்கும் கிடங்குக்கும் நடுவே வெறுநிலம் விட்டவர், கணினியில் அவ்விடைவெளியை மறந்தார்.

காவிரிப்பூம்பட்டினத்து இருபுறக் காவல் இங்கே தேவைப்படுகிறது. உள்ளே வருவதை மட்டும் மறித்து, வெளியே செல்வதைக் கட்டின்றி விடுவது நம்மவர் வழக்கம். மின்னஞ்சலோடு ஒட்டி உள்ளே வந்துவிட்ட தீநிரல், திருடிய தரவைத் தன் தலைவனுக்கு அனுப்புவது வெளியேறும் வழியில்தான். கணக்குக் கணினி எந்தெந்த முகவரிக்கு, எந்தெந்தத் துறைக்குச் செல்லலாம் என்று வரையறுத்தால் அவ்வழியும் பெரிதும் அடைபடும். மற்றொன்று: பழைய நான்காம் பதிப்பு முகவரிக்கு எழுதிய கட்டளை பல கருவிகளில் ஆறாம் பதிப்பு முகவரிக்குச் செல்லாது. முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்துவைத்த கதை அது.

வரையறை எழுதியிருந்தும் காக்கப்படாவிட்டால் என்னாகும் என்பதை இம்மாவட்டம் நன்கறியும். 2012-ஆம் ஆண்டு செப்தம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி வெடியாலை நேர்ச்சியில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மடிந்தன. உதவிக்கு ஓடிச்சென்ற ஊரார் பலரும் அதில் அடங்குவர். அளவுக்கு மிஞ்சிய ஆளும் மருந்தும் அங்கிருந்தமை அப்போது பேசப்பட்டது. கணினி இழப்பை அவ்வுயிரிழப்போடு ஒப்பவைப்பது முறையன்று. ஆயினும், இன்று ஒருநாள் மட்டும் என்று வரையறையைத் தளர்த்தும் மனப்பாங்கு இரண்டிடத்தும் ஒன்றே.

அரணின் கட்டளைப் பட்டியலைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்து. எழுதியவர் போய்விட்டார், இருப்பவர் தொட அஞ்சுகிறார். எந்த வரி எதற்கென்று தெரியாததால் ஒன்றும் நீக்கப்படுவதில்லை; பட்டியல் ஆண்டுதோறும் நீள்கிறது. கருவி கேட்கும் சொல்லை அது கேட்கும் எழுத்திலேயே கொடுங்கள். அதனால் தமிழுக்கு இழுக்கில்லை. ஆனால் பெரும்பாலான அரண்களில் வரிதோறும் குறிப்பெழுத இடமுண்டு. இல்லையேல் நாற்பது பக்கக் குறிப்பேடு போதும். அதில் தமிழில் எழுதுக: துறை 3389, டி.சி.பி.; கணக்கு நிரலைச் சரிசெய்ய; விற்றவரின் இன்ன முகவரிக்கு மட்டும்; திறந்தவர் பெயர்; திறந்த நாள்; மூடும் நாள். கரணியம் எழுத முடியாத வரி இருந்தால், ஒரு கிழமை அது வழியே பொதி ஏதும் செல்கிறதா என்று அரணின் பதிவேட்டில் நோக்கி, செல்லவில்லையேல் நீக்குக.

தொலைவிலிருந்து கட்டளையை மாற்றுவோர் தாம் புகுந்த துறையையே அடைத்துக்கொண்டு வெளியே நிற்பதும் உண்டு. ஆகவே, பத்து நிமையத்தில் பழைய பட்டியல் தானே மீளும்படி முதலில் ஏற்பாடு செய்துகொண்டு, பின்னர் மாற்றுக. சரியாயிருந்தால் அந்த ஏற்பாட்டை நீக்குக. மாற்றியபின், அலுவலகத்துக்கு வெளியே வேறோர் இணைப்பிலிருந்து ஒவ்வொரு துறையாகத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே அமர்ந்து பார்த்தால் எல்லாத் துறையும் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும்.