கோணமலை கூறும் பாடம்



கோயிலைப் பற்றிப் பேச வருவோர் கோபுரத்தின் உயரத்தையும் சிற்பத்தின் அழகையும் எடுத்துரைப்பது வழக்கம். கோபுரம் வீழ்ந்த பின்னரும் ஒரு கோயில் எவ்வாறு உயிர் வாழ்ந்தது என்பதையே நான் இன்று பேச விரும்புகின்றேன். அதற்குத் திருக்கோணேசுவரத்தினும் சிறந்த சான்று இந்நாட்டிலே வேறில்லை.

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் கோணமலை. 1620களிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா அக்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். பின்னர் ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறிப் பிரெடரிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அக்கோட்டையின் வாயிலிலே, இரட்டைக் கயல் பொறித்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டினை இன்றும் காணலாம்.

கல் போயிற்று, வழிபாடும் போயிற்றா? இல்லை! தம்பலகாமத்திலே ஆதிகோணநாயகர் எழுந்தருளினார். அக்கோயில் எழக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் துணை நின்றான் என்பது மரபு. ஆங்கிலேயர் ஆட்சியிலே, கோயிலற்ற வெறும் பாறை முனையில் நின்று, கீழே மோதும் கடலை நோக்கி மலரும் கனியும் தூவி மக்கள் வழிபட்டதை அக்கால ஆங்கில நூலாசிரியர்களே எழுதி வைத்துள்ளனர். கோயிலுக்குரிய தொழும்புகளைச் செய்யக் கடமைப்பட்டோர் யார் யார் என்பதைக் கோணேசர் கல்வெட்டு வகுத்துரைக்கின்றது. பெயரால் கல்வெட்டாயினும் அஃது ஏட்டிலே வாழ்ந்த நூல். கோயிலை இடித்த கைக்கு அந்த ஏடு அகப்படவில்லை.

1950ஆம் ஆண்டு திருகோணமலையிலே கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் கிளாக்கும் மைக் வில்சனும் கடலடியிலே பழங்கோயிலின் தூண்களைக் கண்டனர். 1963இல் மலைமுனையிலே மீண்டும் குடமுழுக்கு நடந்தேறியது. இடைவிடாத வழிபாடு இல்லாதிருப்பின், அத்திருமேனிகள் நூதனசாலைப் பொருள்களாகவே நின்றிருக்கும் அன்றோ?

அன்பர்களே, அந்த வழிபாடே இன்று பல இடங்களில் வழக்குப் பொருளாகிவிட்டது. ஏழு வெந்நீர்க் கிணறுகளையுடைய கன்னியாவை எண்ணிப் பாருங்கள். இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்த இடமென்று ஐதிகம் கூறும் அங்கே, தமிழ் மக்கள் ஆடி அமாவாசையிலே பிதிர்க்கடன் ஆற்றி வருகின்றனர். அது பண்டைய பௌத்த மடத்தின் நிலம் என்று மறுதரப்பினர் கூறுகின்றனர். பிள்ளையார் கோயிலின் அடித்தளம் இருந்த இடத்திலே பௌத்தக் கட்டிடம் எழுப்பும் முயற்சிக்கு 2019 யூலையில் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. வவுனியா வடக்கு வெடுக்குநாறி மலையிலே 2024 மார்ச் 8ஆம் திகதி சிவராத்திரி வழிபாட்டிற்குச் சென்றோரில் எண்மர் கைது செய்யப்பட்டனர். 19ஆம் திகதியே நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. விரத நாளிலே விளக்கேற்றச் சென்றவர் பதினொரு நாள் சிறையிலிருந்தது எந்த நீதிக்கு அடுக்கும்?

உண்மையை மறைத்து உரிமை பேச நான் வரவில்லை. தமிழரிலும் பௌத்தர் இருந்தனர். மணிமேகலை என்னும் காப்பியம் பிறந்தது நம் மொழியிலேதான். ஒரே மண்ணிலே விகாரையும் கோயிலும் அடுத்தடுத்த காலங்களில் நின்றிருத்தல் கூடும். அகழ்வில் பௌத்தச் சின்னம் கிடைப்பின் அதனைப் போற்றிக் காப்பதே அறிவுடைமை. ஆயினும், பழைய செங்கல் ஒன்று கிடைத்தது என்பதற்காக இன்று எரியும் விளக்கை அணைப்பது ஆராய்ச்சியாகாது. அது ஆதிக்கமே ஆகும்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் எல்லார்க்கும் பொதுவானது. அதனை நடத்துவோரும் பொதுவானவராய் இருத்தல் வேண்டும். 2020 யூனிலே கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியின் முதல் பதினொருவரிலே தமிழரும் இல்லை, முஸ்லிம்களும் இல்லை. இரு இனத்தாரும் செறிந்து வாழும் மாகாணத்தில் இத்தகைய குழுவின் முடிவை நம்புவார் யார்? அகழ்வறிக்கைகள் தமிழிலும் வெளிவரல் வேண்டும். எல்லா இனத்து அறிஞரும் அகழ்விலே இடம் பெறல் வேண்டும். ஆய்வு நடக்கும் காலத்தும் வழிபாடு தடைப்படலாகாது. நாம் கேட்பவை இவையே.

இனி, நம் குற்றத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். திருப்பணி என்னும் பெயரால் பழந்தூண்களைப் புறத்தே எறிந்து, சீமெந்தால் மண்டபம் எழுப்புவோர் நாமல்லவா? கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுவோரும் நாமே. ஏடுகளைச் செல்லரிக்க விட்டோரும் நாமே. பிறர் அழித்ததற்கு வழக்குரைக்கலாம். நாமே அழித்ததற்கு யாரிடம் முறையிடுவது?

ஆகவே, இளைஞர்களே, உங்கள் ஊர்க் கோயிலுக்குச் செல்லுங்கள். பொங்கலுக்கு முதல் நெல் எந்த வயலிலிருந்து வருகின்றது, கொடிக்கயிறு கொண்டுவரும் உரிமை எக்குடிக்கு உரியது, சுவாமி எத்தெரு வழியாக உலா வருகின்றார் என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய கல்லைப் படம் பிடியுங்கள், ஏட்டைப் படியெடுங்கள். நீதிமன்றத்திலே நாளை நமக்காகப் பேசப்போகும் சாட்சிகள் அவையே. மலையிலே கோயில் இல்லாத முந்நூறு ஆண்டுகள் கோணேசரைக் காத்தது மக்களின் நினைவு. அந்நினைவை எழுத்தாக்கும் கடமை நம் தலைமுறையினுடையது.