கருவியின் அளவறிந்து வாங்குவோம்



கையில் எடுத்துச் செல்லும் மின்னணுக் கருவிகளையும் கணினித் துணைக்கருவிகளையும் எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது சிறிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். அவற்றை வாங்கும் பணம், உங்கள் பெற்றோர் ஆலையிலும் தோட்டத்திலும் பாடுபட்டுச் சேர்த்த பணம் அல்லவா?

நம் கொங்கு நாட்டு உழவர் கிணற்றுக்கு மோட்டார் வாங்கும்போது அதன் வண்ணத்தைப் பார்த்து மயங்குவதில்லை. கிணறு எத்தனை அடி ஆழம், குழாய் எத்தனை அங்குலம், எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று கணக்கிட்ட பின்னரே மடியை அவிழ்ப்பார். வேலையை முதலில் அளந்து, பிறகு கருவியை அளப்பது அவர் வழக்கம். 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்திய மின்மோட்டாரை உருவாக்கிய கோயம்புத்தூருக்கு இந்த வழக்கம் புதிதன்று.

அதே ஜி. டி. நாயுடு உருவாக்கிய ‘ரேசன்ட்’ என்னும் சவரக் கருவி, உலர்மின்கலத்தால் இயங்கும் ஒரு சிறு மோட்டாரைக் கொண்டது. கையடக்கக் கருவி எதுவாயினும் அதன் உயிர் மின்கலத்திலேயே இருக்கிறது. ஆகவே மின்கலத்திலிருந்து தொடங்குவோம்.

காந்திபுரம் கிராஸ்கட் சாலைக் கடைகளில், “பத்தாயிரம் இருக்கிறதா, இருபதாயிரம் இருக்கிறதா?” என்று மாணவர்கள் பவர் பேங்க் கேட்பதை நான் பலமுறை செவியுற்றிருக்கிறேன். 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது உள்ளே இருக்கும் மின்கலத்தின் அளவு. அங்கே மின்னழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட். ஆகவே அதில் அடங்கிய ஆற்றல் 37 வாட்-மணி. அது 5 வோல்ட்டாக உயர்ந்து வெளியே வரும்போது 7,400-க்கு மேல் இருக்க வழியில்லை. வாய்க்காலில் ஓடும் நீர் மண்ணில் சுவறுவதுபோல, அதிலும் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும். செல்பேசிக்குள்ளும் அத்தகைய இழப்பு உண்டு. எனவே 5,000 அளவுள்ள செல்பேசியை அதனால் இரண்டு முறை முழுமையாக நிரப்ப இயலாது. பெட்டியின் பின்புறத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று சிறிய எழுத்தில் மற்றோர் எண் இருக்கும். முன்புறத்துப் பெரிய எண்ணைவிட அந்தச் சிறிய எண்ணே உண்மைக்கு நெருங்கியது.

அடுத்தது கேபிள். டைப்-சி கேபிள்கள் எல்லாம் வாயளவில் ஒன்றே. உள்ளே அவை ஒன்றல்ல. சில 60 வாட் வரை மட்டுமே தாங்கும். வேறு சில 240 வாட் வரை தாங்கும். சில நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் செய்தியைக் கடத்தும். சில அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் கடத்தும். 100 வாட் சார்ஜரை வாங்கி 60 வாட் கேபிளை மாட்டுவது, பெரிய மோட்டாருக்குச் சிறிய குழாயைப் பொருத்துவது போன்றதே.

இவற்றிலும் முதன்மையானது பாதுகாப்பு. மின்னணுப் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு வேண்டும் என்று 2012-இல் நடுவணரசு ஆணை பிறப்பித்தது. சார்ஜர், பவர் பேங்க் ஆகியவற்றில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருத்தல் வேண்டும். அந்த எண் மெய்தானா என்பதை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் நீங்களே சரிபார்க்கலாம். பழுதுள்ள லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பற்றக் கூடியது. நூறு ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி, விடுதி அறையில் தலையணை அருகே நெருப்பை வைத்துக்கொள்ளலாமா?

கடைக்குச் செல்லுமுன் மூன்று வினாக்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆக வேண்டிய வேலை என்ன? அதற்குப் போதுமான அளவு எது? அந்த அளவு பொருளின்மீது எங்கே அச்சிடப்பட்டிருக்கிறது? மூன்றாவது வினாவுக்குக் கடைக்காரர் விடை காட்டும் வரையில் பணத்தை எடுக்க வேண்டாம்.